ராகுகாலத்து ஆள்

பர்மாவில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பத்தில் சமையலுக்கு ஒரு பெரியம்மா, பஞ்சாயத்துக்கு ஒரு மாமா, ராகுகாலத்துக்கு நான்.

சாமி நம்பிக்கை இல்லை என்று காலேஜ் படிக்கும்போதே வீட்டில் சொல்லிவிட்டேன். பெரிய ரகளை நடக்கும் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பாட்டிதான் விசாரணை நடத்தியது. 1954 டிசம்பரில் உலக பௌத்த மாநாட்டுக்காகப் பெரியார் ரங்கூன், அதாவது இப்போதைய யாங்கோன், வந்திருந்தார். அம்பேத்கரும் வந்திருந்தார், இருவரும் இங்கே சந்தித்தார்கள். பாட்டிக்கு அந்த வரலாறு வேறு மாதிரி. “உங்க தாத்தா அந்தப் பெரியாரை நேர்லயே பார்த்துட்டு வந்தவரு. வந்ததும் கால் கழுவி, நெத்தியில பட்டை போட்டுட்டுத்தான் சோத்துல கை வச்சாரு. நேர்ல பார்த்தவருக்கே ஒட்டலை. அம்பது வருசம் கழிச்சு உனக்கு எப்படிடா ஒட்டுச்சு?”

மாமாவின் கவலை கணக்கு சம்பந்தப்பட்டது. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் இந்துக்கள் 0.5 சதவீதம் என்று வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தார். “நாமளே அரைதான். அதுலயும் நீ கழண்டுக்கிட்டா எப்படி?” மதமே இல்லை என்றவர்கள் 0.1 சதவீதம் என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். “அப்ப அந்தக் கூட்டத்துலயே உனக்குப் பொண்ணு தேடிக்க” என்று எழுந்து போய்விட்டார்.

பெண் தேடியது என்னவோ அம்மாதான். “தம்பி கோயிலுக்கெல்லாம் போவாருங்களா?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டது. “போகாம? எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறதே அவன்தானே.” பொய்யில்லை. வண்டி ஓட்டுவது நான்தான்.

அடையாள அட்டை மாற்றப் போன இடத்தில் மதம் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அப்பா? இந்து. அம்மா? இந்து. “அப்புறம் என்ன?” அவரே எழுதிவிட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

என் பதவியின் முழு அருமை தீமிதிக்குத்தான் தெரியும். கோயில் தன்லின் பக்கம், சொந்தபந்தம் பாதிப்பேர் அங்கேதான். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. பெரியப்பா, மாமா, இரண்டு சித்தப்பா என்று ஆம்பளைகள் எல்லோரும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஞானிகள் மாதிரி திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். பூவும் சூடமும் தேங்காயும் வாங்க பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி யாங்கோன் தெயிஞ்சி மார்க்கெட்டுக்கு யார் போவது? கயிறு கட்டாத கை ஒன்றுதான் இருக்கிறது. அம்மனுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் அம்மனை நம்பாதவன் தலையில்தான் வந்து இறங்கும். நல்ல நேரம் முழுக்க அவர்களுக்குப் பூஜை இருக்கும். அதனால் நான் கிளம்புவது எப்போதும் ராகுகாலம். “உனக்குத்தான் அதெல்லாம் கிடையாதே” என்று பெரியம்மா பையை நீட்டும்போது எதிர்த்து என்ன வாதம் செய்ய முடியும்?

சாவும் திருவிழா பார்த்துத்தான் வரும். ஒரு வருசம் காப்புக் கட்டிய மறுநாளே மாமாவின் பழைய கூட்டாளி போய்ச் சேர்ந்தார். மொத்தக் குடும்பத்தின் சார்பில் மாலையோடு நான் ஒருத்தன் போய் நின்றேன். கூட்டாளியின் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரும் வரலைன்னாலும் நீ வந்தியேப்பா, நீதான் சாமி” என்று அழுதது. அந்த இடத்தில் திருத்தம் சொல்கிற அளவுக்கு நான் கொள்கைக்காரன் இல்லை.

சரி, வீட்டில்தான் வாதம் எடுபடவில்லை, வெளியிலாவது சண்டை போடலாம் என்று பர்மியச் சிநேகிதனிடம் ஆரம்பித்தேன். உலகத்தைக் கடவுள் படைத்தார் என்று நான் நம்பவில்லை என்றேன். “நானும்தான் நம்பலை. புத்தர் எங்கே அப்படிச் சொன்னாரு?” என்று மொஹிங்காவில், அதாவது மீன் குழம்பு நூடுல்ஸில், எலுமிச்சை பிழிந்தான். உடனே அடுத்த கேள்வி: “நீ பிறந்தது என்ன கிழமை?”

புதன், மத்தியானம் ஒரு மணி என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். பர்மியர் கணக்கில் வாரத்துக்கு எட்டுக் கிழமை. புதனை இரண்டாக வெட்டி, மத்தியானத்துக்கு மேலே உள்ளதை ராகுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாகனம் கொம்பில்லாத யானை. ஷ்வேடகோன் பகோடாவில் அதற்கு வடமேற்கு மூலை. அடுத்த வாரமே அங்கே போய், வயசுக்கு ஒன்று கூடக் கணக்குப் பண்ணி, என் பெயரில் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். “நீ நம்ப வேண்டாம். ஊத்தினது நான்தானே.”

இதைச் சிரிப்புக்காகத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய தமிழ் காலண்டரைப் போய்ப் பார்த்தது. புதன்கிழமை ராகுகாலம் 12 முதல் 1.30 வரை. இரண்டு ஊர்ச் சாத்திரமும் ஒரே ஆளைக் கை காட்டினால் வேறென்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கே சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டது. “புள்ளை மேல தப்பில்லை அக்கா, கிரகம்.” நான் படித்த புத்தகம், யோசித்த ராத்திரி எல்லாம் ஒரே போனில் ராகு கணக்கில் வரவாகிவிட்டது. ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதே இல்லை.

போன தீமிதிக்கு அக்கா மகன், மீசை இப்போதுதான் அரும்புகிறது, கூடத்தின் நடுவில் நின்று தனக்கும் நம்பிக்கை இல்லை, காப்புக் கட்டப் போவதில்லை என்று அறிவித்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பெரியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தது. கடிகாரத்தையும் பார்த்தது. கோபமே படாமல் இரண்டு சாக்குப் பையை அவன் கையில் கொடுத்து, “ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சு. மாமாவோட போய் அறுபது தேங்காய் வாங்கிட்டு வா. வந்ததும் ஐஸ் கட்டிக்கு ஒரு நடை போகணும்” என்றது.

பாலத்தில் நெரிசல், மண்டை பிளக்கிற வெயில். திரும்பி வந்து தேங்காய் மூட்டையை இறக்கிவிட்டு ஐஸுக்கு அவனைத் தேடினேன். ஆளைக் காணோம். கோயிலுக்குள் எட்டிப் பார்த்தால், ஈரத் தலையோடு பூசாரி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.