அக்கா கேட்ட வாட்ச்

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அத்தான் அக்காவிடம் கேட்டிருக்கக் கூடாது. இத்தனை வருஷமாக “ஒண்ணும் வேண்டாம்” என்றே பதில் சொன்னவள், இந்த முறை போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டிவிட்டாள். கார்ட்டியே டேங்க். செவ்வக முகம், ரோமன் எண்கள், பக்கவாட்டில் திருகும் சாவியின் நுனியில் ஒரு நீலக் கல். விலையைப் பார்த்த அத்தான், கை தவறி ஆர்டர் ஆகிவிடுமோ என்ற பயத்தில் போனை மெதுவாக மேஜையில் வைத்தார். அப்புறம் எனக்குப் போன் செய்தார்.

“இதே மாதிரி இருக்கணும். ஆனா இது இல்லாம இருக்கணும்.”

தேட ஆரம்பித்தேன். லூயி கார்ட்டியே 1917இல் இந்த வாட்சை வரைந்தபோது, முதல் உலகப்போர் டாங்கியை மேலிருந்து பார்த்த வடிவம்தான் மனதில் இருந்ததாம். “உங்க அக்காவுக்குப் பொருத்தம்தான்” என்றார் அத்தான், அவள் அடுத்த அறையில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்களுக்கான பெரிய பிராண்ட் வாட்ச்களில் கணிசமானவை பேட்டரியில் ஓடுபவை. கார்ட்டியேயின் புகழ்பெற்ற பாந்தேர்கூட குவார்ட்ஸ்தான். அத்தான் கட்டியிருப்பதோ ஆட்டோமேட்டிக், பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடுவது. பேட்டரி வாட்ச் எல்லாம் பொம்மை என்பது அவர் கட்சி. குவார்ட்ஸ் வாட்சின் உள்ளே இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாதம் ஓடினாலும் பதினைந்து இருபது வினாடிதான் முன்னே பின்னே போகும், பல ஆட்டோமேட்டிக் வாட்ச்கள் அதை ஓரிரு நாளிலேயே சாதித்துவிடும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். 1969இல் செய்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான், உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், அன்றைக்கு ஒரு சின்னக் கார் விலைக்கு விற்றது என்றும் சொன்னேன். “கார் விலை” என்றதும் அவர் முகம் மறுபடி மாறியதால் அத்தோடு விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் அக்காவின் தோழி ஒருத்தி குறுக்கே வந்தாள். “ஃபர்ஸ்ட் காப்பி வாங்கிக்கோ, யாருக்குத் தெரியப் போகுது?” அவள் கையிலேயே ஒன்று இருந்தது. பெரிய டயலுக்குள் மூன்று குட்டி டயல்கள். நான் உற்றுப் பார்த்தேன். மூன்றும் பெயிண்ட். முள்ளும் பெயிண்ட். அந்தக் குட்டி முள்கள் என்றைக்கோ ஒரு நேரத்தில் நின்று, அதிலேயே நிம்மதியாக இருந்தன. போலி வாட்சை மாற்று என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அதே காசுக்குச் சொந்தப் பெயரில் மரியாதையாக ஓடும் வாட்ச் கிடைக்கும்போது எதற்கு?

டேங்க் சாயலில்தான் வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. கேசியோவில் எல்டிபி-வி007 என்று ஒன்று உண்டு. செவ்வகம், தோல் பட்டை, விலை மிகக் குறைவு. செய்கோ சோலார் வரிசையிலும் ரோமன் எண் போட்ட செவ்வக வாட்ச்கள் வந்திருக்கின்றன, நீலக் கல் சாவியோடு. சுவிஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு டிஸ்ஸோ இருக்கிறது.

சரி என்று மூவரும் கடைக்குப் போனோம். பெண்கள் பகுதியில் எங்கே பார்த்தாலும் ரோஸ் கலர், பட்டாம்பூச்சி, விளிம்பு முழுக்கக் கண்ணாடிக் கல். 1810இலேயே நேப்பிள்ஸ் ராணி, பிரெகே என்ற கடிகாரக் கலைஞரிடம் கைக்கடிகாரம் செய்யச் சொல்லியிருக்கிறாள். ஆண்கள் பெரும்பாலும் முதல் உலகப்போர் வரை கடிகாரத்தைப் பையில்தான் வைத்திருந்தார்கள். இவ்வளவு சீனியாரிட்டி இருந்தும் நமக்குப் பட்டாம்பூச்சி!

கடைக்காரப் பையனிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. கண்ணாடி சுலபத்தில் கீறல் விழாத சஃபையரா, சாதாரண மினரலா? தங்க நிறம் முலாமா, அடியில் என்ன உலோகம்? பட்டையை வெளியே வாங்கி மாற்ற முடியுமா, இல்லை அவர்களிடமேதான் வாங்க வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு அவன் மேனேஜரைக் கூப்பிட்டான். அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று. “30 மீட்டர்னு போட்டிருக்கே, நீச்சலடிக்கலாமா?” கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான் என்றேன். அக்காவுக்கு நீச்சலே தெரியாது என்பது வேறு விஷயம்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது கண். அக்கா ஆசையாக ஒரு சின்னச் செவ்வகத்தைக் கட்டிப் பார்த்தாள். அழகாக இருந்தது. “மணி என்ன?” என்றேன். கையை நீட்டினாள், மடக்கினாள், விளக்கடிக்குப் போனாள், கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினாள், அது கிடைப்பதற்குள் போனை எடுத்து மணி பார்த்துச் சொல்லிவிட்டாள். பத்தே நிமிஷத்தில் டேங்க் கனவு கலைந்து, பெரிய எண்கள் போட்ட ஒரு வட்டச் சோலார் வாட்ச் கைக்கு வந்தது.

மறுநாள் காலையிலேயே போன். “வாட்ச் நொண்டுதுடி!”

வினாடி முள் ஒரு வினாடி அசையாமல் நின்று, அடுத்ததில் இரண்டாகத் தாவுகிறதாம். பின்னாலிருந்து அத்தான் குரல், “நான் அப்பவே சொன்னேன்.” மேனுவலை எடுக்கச் சொன்னேன். அதிலேயே இருந்தது. சார்ஜ் குறைந்தால் முள் இரண்டிரண்டு வினாடியாகத் தாவிக் காட்டும். பெட்டிக்குள் இருட்டில் கிடந்த வாட்சுக்குப் பசி, வேறொன்றும் இல்லை.

ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் காணோம். வெயிலில் காய்ந்து வீணாகிவிடும் என்று அம்மா பத்திரமாக எடுத்து, துணியில் சுற்றி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். வெளிச்சத்தில்தான் அது ஓடும் என்று அக்கா விளக்கி மறுபடி ஜன்னலில் வைத்தாள். மறுநாள் மறுபடி அலமாரி. வாதத்தில் தோற்றது நாங்கள்தான். கடும் சூட்டில் வைக்கக் கூடாது என்று அதே மேனுவலில், அடுத்த பக்கத்திலேயே போட்டிருந்தது. அம்மா அதை என்னைவிட்டே இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொன்னாள். முடிவில் நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சம் விழும் மேஜை ஒன்று இரு தரப்புக்கும் சம்மதமானது.

இப்போது முள் ஒவ்வொரு வினாடியாக ஒழுங்காக நடக்கிறது. போன வாரம் அத்தானின் ஆட்டோமேட்டிக் நாலு நிமிஷம் பின்தங்கியிருந்தது. அக்காவின் கையை எட்டிப் பார்த்துச் சாவியைத் திருகினார். “என்ன பண்றீங்க?” என்றாள்.

“உன்னுது சரியா ஓடுதான்னு பார்க்கிறேன்.”