கதவடியில் ஒரு வேண்டுகோள்

“மிஸ், புற்றுநோய் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ.” வன்னியில் வைத்தியசாலை விடுதிகளில் கடமையாற்றுவோர் பலரும் கேட்டுப் பழகிய வேண்டுகோள் இது. மகள் கதவடியில் நின்று இதைச் சொல்லும் வேளையில், உள்ளே தாய் முழுத் தெளிவோடு, தன்னை ஏன் தெல்லிப்பழைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். (புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் தெல்லிப்பழை என்றாலே என்ன நோய் என்பது வடக்கில் யாருக்குத்தான் தெரியாது?)

இரவுக் கடமையில் தனித்து நிற்கும் இளம் வைத்தியரோ தாதியோ இதற்கு அந்தக் கணத்திலேயே பதில் சொல்லவேண்டியிருப்பது அவர்களுக்கும் நியாயமல்ல, நோயாளிக்கும் நியாயமல்ல. அமெரிக்காவில் 1976 ஆம் ஆண்டு, நினைவிழந்து கிடந்த கரன் குயின்லன் என்ற இளம்பெண்ணின் சுவாசக் கருவியை அகற்றுவது பற்றிய வழக்கில், நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் அத்தகைய கடினமான முடிவுகளில் வைத்தியசாலை நெறிமுறைக் குழுவின், அதாவது இத்தகைய சிக்கல்களைக் கூடி ஆராயும் குழுவின், பங்கைச் சுட்டிக்காட்டியது. நம்மிடமோ நெறிமுறைக் குழு என்றதும் ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் குழுவே நினைவுக்கு வருகிறது.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. விடுதிக்குப் பொறுப்பான வைத்தியர், மூத்த தாதி, மனநலப் பிரிவினர் ஒருவர் என மூவர் கூடிப் பேசினால் போதும். ஆனால் அதற்கு முன்னர், “உங்கட வருத்தத்தைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புறியள், ஆரிட்டைச் சொல்லலாம்?” என்று நோயாளியிடமே கேட்டு, அவர் சொன்ன பதிலைச் சிகிச்சைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், அப்போதுதான் மறுநாள் கடமைக்கு வருபவர் வேறு கதை சொல்லமாட்டார்.