வில்லியைத் திருத்தும் வேலை

நெடுந்தொடர்களுக்குத் திரைக்கதை, வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். எங்கள் கதை விவாதங்களில் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: வில்லியைத் திருத்திவிடலாமா? அற உணர்ச்சியில் எழும் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். கதாநாயகியைவிட அவளுக்கு ரசிகர்கள் கூடியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஏன் கூடுகிறார்கள் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நல்லவர்களைச் சுற்றி எப்போதும் யாராவது இருப்பார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் தனியே நிற்கும் காட்சி வில்லிக்குத்தான் கிடைக்கும். அவளுடைய திட்டம் நமக்கு முன்கூட்டியே தெரியும், பயமும் தெரியும். ஒருத்தியின் தனிமையை வாரக்கணக்கில் பார்த்தவர்களுக்கு அவள்மேல் பரிவு வராமல் இருக்குமா? தாயில்லாமல் வளர்ந்ததாக ஒரு ஃபிளாஷ்பேக் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதைத்தான் ஃபிளாஷ்பேக் சொல்லும். அவள் கெடுத்தவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

கதாநாயகியை நோக்கி வரும் கத்தியை வில்லி தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு சாவது எனக்கு அறவே பிடிக்காத குறுக்குவழி. செத்தவளிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. எழுத்தாளருக்கும் வேலை மிச்சம்.

விவாதங்களில் நான் அடிக்கடி இழுப்பது ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2005–2008) என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரின் ஜூகோவை. பெற்ற தகப்பனே முகத்தைச் சுட்டு நாடுகடத்திய இளவரசன், பரிவுக்குக் குறைவில்லை. அப்படியும் இரண்டாம் பருவத்தின் முடிவில், தன்னை வளர்த்தெடுத்த பெரியப்பாவுக்கே துரோகம் செய்கிறான். மனம் மாறி, அதுவரை துரத்திய கதாநாயகனின் கூட்டத்தில் சேர வந்த பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பெரியப்பா இழுத்து அணைத்துக்கொள்கிறார். அந்தக் கூட்டத்துப் பெண் கட்டாராவோ, மறுபடி தடம் மாறினால் உன் கதையை நானே முடித்துவிடுவேன் என்று எச்சரிக்கிறாள். இரண்டுக்கும் அந்தக் கதையில் இடமிருக்கிறது.

‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) என்ற அமெரிக்கத் தொடரின் கடைசி அத்தியாயத்தில், வேதியியல் ஆசிரியராக இருந்து போதைப்பொருள் தயாரிப்பவராக மாறிய வால்டர் வைட், எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். அதை மீட்சி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காப்பாற்ற முடிந்தும், தன் கூட்டாளியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். அந்தப் பெண்ணின் தந்தை முன்னால் போய் நின்று அதைச் சொன்னாரா?

எங்கள் தொடர் ஒன்றில் வில்லியைத் திருத்த முடிவானபோது, உதவி எழுத்தாளர் தன் நோட்டைப் புரட்டினார். யாருக்கு எந்த ரகசியம் தெரியும், எந்தப் பத்திரத்தில் யாருடைய கையெழுத்து என்றெல்லாம் குறித்துவைக்கும் நோட்டு அது. “அந்தச் சமையல்கார அம்மா என்ன ஆனார் சார்?” என்றார். தொடரின் ஆரம்பத்தில் வில்லி அந்த அம்மாவின் பையில் நகையை ஒளித்துவைத்து, திருட்டுப்பட்டம் கட்டித் துரத்தியிருந்தாள். “அவரை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?” என்றார் இயக்குநர். எனக்கோ, அவர் இல்லாமல் இந்தத் திருத்தமே வேண்டாம் என்று பட்டது. பிடிவாதமாக நின்றேன்.

‘உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன்’ என்ற வசனம் வேண்டும் என்றது சேனல். நான் எழுதியது வேறு. “மன்னிப்பு இருக்கட்டும் அம்மா. நான் திருடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என்னைச் சேர்க்கவில்லை.” வில்லி எழுதுகிறாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்கிறார் அந்த அம்மா. ‘நகை தவறுதலாக உங்கள் பையில்’ என்பதோடு வில்லியின் குரல் நின்றுவிடுகிறது. ‘தவறுதலாக’ என்பதை அடித்துவிட்டு, ‘நான்தான் வைத்தேன்’ என்று எழுதுகிறாள். நடிகை கிளிசரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு அந்த அம்மா போய்விடுகிறார். மன்னித்தேன் என்று சொல்லவே இல்லை.

சேனல் கேட்ட வசனத்தையும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்தோம். ஒளிபரப்பானது அது இல்லாத வடிவம்தான். வில்லி அதோடு உத்தமியாகிவிடவில்லை. சொத்து வழக்கில் பொய்ச்சாட்சி சொல்லத்தான் போனாள். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டபோது மட்டும், ஆமாம் என்றாள்.