பாசலில் முதல் ஞாயிறு

ஸ்விட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. பாசலுக்குக் குடிவந்த புதிதில் அந்த நாளை எப்படிக் கழிப்பது என்றே தெரியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு நகரத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது என்று பக்கத்துவீட்டுப் பெரியவர் சொன்னார். சரி, காசா பணமா என்று கிளம்பினோம்.

பழைய நகரம் ரைன் ஆற்றின் மேட்டுக்கரையில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் வீட்டின் பெயரும், அது ஆவணத்தில் முதலில் வந்த ஆண்டும் எழுதியிருக்கும். 1300களைச் சேர்ந்தவையும் உண்டு, உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கல் பாவிய ஏற்றங்களில் குழந்தை வண்டியைத் தள்ளுவது பெரும்பாடு. பதினோராயிரம் கன்னியர் சந்தில் படிக்கட்டுதான், வண்டியைத் தூக்கியே ஆக வேண்டும். உர்சுலா என்ற புனிதருடன் அத்தனை கன்னியரும் அந்தப் படிகளில் ஏறினார்களாம். கதைதான்.

மேலே செந்நிற மணற்கல்லில் மூன்ஸ்டர் தேவாலயம். 1356 நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் எழுந்தது. 1529இல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் சிலைகளை உடைத்துவிட்டதால் உள்ளே வெறிச்சென்றிருக்கிறது. கோயில் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒட்டவில்லை. கத்தோலிக்கராகவே வாழ்ந்த அறிஞர் எராஸ்மஸை 1536இல் இதே சீர்திருத்தக்காரர்கள் இங்கே அடக்கம் செய்தார்கள் என்பது மட்டும் பிடித்திருந்தது.

எனக்குப் பிடித்த தேவாலயம் இப்போது தேவாலயமே இல்லை. பார்ஃபூசர் தேவாலயம் 1894 முதல் வரலாற்று அருங்காட்சியகம். ஒரு கல்லறைத் தோட்டச் சுவரில் இருந்த ‘மரண நடனம்’ ஓவியத்தின் துண்டுகள் இங்கேதான் இருக்கின்றன. போப்பாண்டவர், பேரரசர், சமையல்காரர் என்று பாகுபாடின்றி எல்லோரையும் மரணம் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஆடுகிறது. 1805இல் சுவரை இடித்தபோது, ஊர்க்காரர்கள் சில துண்டுகளை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

இதே ஊர் 1967இல் செய்த காரியம் இன்னும் பெரிது. கலை அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்திருந்த இரண்டு பிக்காசோ ஓவியங்களை உரிமையாளர் தரப்பு விற்க முடிவெடுத்தது. விலை 84 லட்சம் ஃபிராங்க். அரசு 60 லட்சம் தர முன்வந்தது. வரிப்பணத்தில் படமா என்று எதிர்ப்பு கிளம்பி, விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. மீதிப் பணத்துக்கு ‘பிச்சைக்காரர் திருவிழா’ என்று பெயர் வைத்துத் தெருவில் இறங்கி வசூலித்தார்கள். வாக்கெடுப்பிலும் ஜெயித்தார்கள். கேள்விப்பட்ட பிக்காசோ தன் பங்குக்கு மேலும் நான்கு படைப்புகளை இனாமாகவே கொடுத்துவிட்டார்.

பக்கத்துவீட்டுப் பெரியவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். தன் கைக்காசை உண்டியலில் போட்டாராம். “அந்தப் படத்தில் ஒரு ஓரம் என்னுடையது” என்பார். எந்த ஓரம் தாத்தா என்று என் மகன் கேட்டான். யோசிக்கவே இல்லை, “வலது கீழ்மூலை” என்றார்.