உதவியாளரின் நாற்காலியை எங்கே போடுவது?

மாற்றுத்திறன் கொண்ட குழந்தை மழலையர் வகுப்பில் சேர்ந்ததும் பள்ளிகள் முதலில் செய்வது, பக்கத்திலேயே ஒரு உதவியாளரை உட்கார வைப்பது. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலி பெரும்பாலும் குழந்தைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில் விழுகிறது. பக்கத்து மேசைப் பிள்ளைக்கு நீல கிரேயான் வேண்டுமென்றால், கையில் வைத்திருக்கும் குழந்தையிடம் கேட்காமல், "மிஸ், அதை வாங்கித் தாங்க" என்று உதவியாளரிடம் கேட்கிறது. இப்படி ஒரு மாதம் போனால், அந்தக் குழந்தையோடு நேரடியாகப் பேசலாம் என்பதே மற்றவர்களுக்கு மறந்துபோகும்.

இது உங்கள் வகுப்பில் நடக்கிறதா என்று அறிய ஒரு தாளை இரண்டு பத்தியாக மடியுங்கள். ஒரு மணி நேரத்தில் பெரியவர் அந்தக் குழந்தையிடம் பேசினால் ஒரு பக்கம் ஒரு கோடு, சக பிள்ளை பேசினாலோ பொருள் கொடுத்து வாங்கினாலோ மறுபக்கம் ஒரு கோடு. பெரியவர் பத்தி மட்டும் நீண்டுகொண்டே போனால், முதலில் நாற்காலியை நகர்த்துங்கள். குழந்தைக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்தில் ஒரு குட்டை ஸ்டூல் போதும். பிள்ளைகள் உதவியாளரிடம் கேட்டால், "அவன்கிட்டயே கேளு, கையை நீட்டிக் காட்டு" என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

உதவியிலும் ஒரு வரிசை உண்டு. குழந்தைக்கு ஓரளவு தெரிந்த வேலை என்றால் முதலில் காத்திருங்கள். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். பெரும்பாலானோர் 3-க்குள் கையை நீட்டிவிடுகிறார்கள். நகரவில்லையென்றால் விரலால் சுட்டுங்கள், பிறகு செய்து காட்டுங்கள், கடைசியாகத்தான் கை பிடித்து உதவுவது. அப்போதும் குழந்தையின் கைமேல் உங்கள் கையை வைத்து அழுத்த வேண்டாம். உங்கள் கை அடியில், குழந்தையின் கை மேலே. பிடிக்கவில்லையென்றால் குழந்தையால் கையை எடுத்துவிட முடியும். அந்த உரிமை அதற்கு இருக்க வேண்டும்.

புத்தம்புது வேலைக்கு இது தலைகீழ். முதலில் நிறைய உதவி, பிறகு குறைத்துக்கொண்டே வருவது. ஷூ போடுவதை எடுத்துக்கொள்வோம்: பட்டையைத் திற, கால்விரலை நுழை, குதிகாலை இழுத்து விடு, பட்டையை ஒட்டு. முதல் மூன்றையும் நீங்கள் செய்து, கடைசிப் பட்டையை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது, ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது குழந்தையாகவே இருக்கும். முதல் படியிலேயே திணறி அழுது விட்டுவிடுவது குறையும்.

"கவனமே இல்லை" என்று சொல்லப்படும் குழந்தைகளின் கால்களைக் கொஞ்சம் பாருங்கள். அந்தரத்தில் தொங்குகின்றனவா? கால் ஊன்றாத குழந்தை, முக்கியமாகத் தசை இறுக்கமோ தளர்ச்சியோ உள்ள குழந்தை, விழாமல் உட்காருவதற்கே முழு பலத்தையும் செலவழிக்கிறது. வரைவதற்குக் கை மிச்சமிருக்காது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 பாகையில் மடங்கி, பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும்; மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாள்களை இறுக்கி அடைத்து டேப் சுற்றிய அட்டைப்பெட்டியே நல்ல கால்மனை. இடுப்பு முன்னால் சறுக்கினால் இருக்கையில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். தரையில் வட்டமாக உட்காரும் நேரத்தில் ஒரு குழந்தைக்கு ஸ்டூல் தேவைப்பட்டால், இன்னும் இரண்டு பேரையும் ஸ்டூலில் உட்கார வையுங்கள். ஒரு தலை மட்டும் தனியாக உயர்ந்து நிற்காது.

சக்கர நாற்காலிக்கு வாசல் குறைந்தது 80 செ.மீ., மேசைகளுக்கு இடையே 90 செ.மீ., திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். சாய்தளம் 1-க்கு 12 என்பதால் 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம் பிடிக்கும். கனமான பையை நாற்காலியின் பின்பிடியில் மாட்டாதீர்கள்; எடை குறைந்த குழந்தை என்றால் நாற்காலி பின்பக்கம் கவிழலாம்.

அன்றைய வேலைகளைப் பட அட்டைகளாக வரிசையில் காட்டும் படக் கால அட்டவணை பல வகுப்புகளில் இருக்கிறது, பயன்படுவதுதான் குறைவு. பெரியவர் கண் உயரத்தில் மாட்டியிருக்கும், யாரும் தொடுவதில்லை. குழந்தையின் மார்பு உயரத்தில், ஒரு நேரத்தில் 4 அல்லது 5 அட்டை போதும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் குழந்தையே அந்த அட்டையைக் கழற்றி "முடிந்தது" பெட்டியில் போட வேண்டும். கோட்டுப் படம் புரியாத குழந்தைக்கு, உங்கள் வகுப்பின் கழுவுதொட்டியையும் சறுக்குமரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பளபளப்பான லேமினேஷன் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது வெள்ளைப் பளிச்சாகத்தான் தெரியும். பளபளப்பில்லாத தாளில் கறுப்புப் பட்டைக்கோடு நல்லது. "இன்னும் 5 நிமிஷம்" என்பதற்கு 4 வயதில் பொருளே இல்லை. "இன்னும் 2 தடவை சறுக்கிட்டுப் போவோம்" என்றால் புரியும்.

பேசாத குழந்தைகள் படத்தைத் தொட்டுப் பேசும் படப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விளையாடப் போகும்போது "தொலைஞ்சிடும்" என்று வாங்கி வைத்துவிடுகிறார்கள். அது அந்தக் குழந்தையின் வாய். கயிறு கட்டித் தோளில் மாட்டுங்கள், வெளியே இன்னொரு பிரதி வையுங்கள், எப்படியாவது கூடவே இருக்கட்டும். பலகை முழுவதும் பொருள்களின் படம் மட்டும் இருந்தால் கேட்கத்தான் முடியும். மறுக்கவோ சீண்டவோ முடியாது. "இன்னும்", "வேண்டாம்", "நிறுத்து", "என் முறை", "உதவி", "பாரு" இவை முதலில். பெரியவர்களும் பேசும்போதே படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். யாரும் பேசிக் காட்டாத மொழியை எந்தக் குழந்தையும் கற்காது. பலகை கொடுத்தால் பேச்சே வராது என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஒரே வாக்கியத்தைப் பதிந்து ஒலிக்கும் பொத்தான் கருவியை வைத்துக் கதையில் திரும்பத் திரும்ப வரும் வரியை அந்தக் குழந்தைக்கே கொடுக்கலாம். அதில் டீச்சர் குரல் வேண்டாம், சம வயதுப் பிள்ளையின் குரலைப் பதியுங்கள்.

காதுக் கருவி போட்ட குழந்தையைத் தினமும் காலையில் சோதிக்க ஒரு நிமிடம் போதும். வாயைத் தாளால் மறைத்து ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் குழந்தை ஒரு கட்டையைப் பெட்டியில் போடும். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லையென்றால் பேட்டரி, அடைப்பு, பிறகு காது என்று பார்க்க வேண்டும். கருவி விசில் அடித்தால் பெரும்பாலும் காதுக்குள் செருகும் அதன் அச்சு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். வளரும் பிள்ளைகளுக்கு அது அடிக்கடி சிறிதாகிவிடும். 1 முதல் 2 மீட்டருக்குள் நின்று பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டிவிடும். நாற்காலிக் கால்களுக்குத் தடித்த துணி ஒட்டினால் வகுப்பின் இரைச்சல் பாதி அடங்கினாற்போல் இருக்கும்.

வலிப்பு வரக்கூடிய குழந்தை இருந்தால் எல்லா ஊழியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: மணி பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

"அவன் ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உஷ் என்று அடக்காதீர்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று அந்த உஷ்தான் கற்றுக்கொடுக்கும். "அவனுக்கு வாயால சொல்றது கஷ்டம். படத்தைத் தொட்டுச் சொல்வான். நீயும் தொட்டுப் பேசிப் பாரு." இவ்வளவு போதும். அவனுக்கு உதவியதற்காக நட்சத்திரம் ஒட்டுவதையும் நிறுத்திவிடுங்கள். நட்பு வேலையாக மாறிவிடும், உதவுகிற பிள்ளை குட்டி டீச்சராகிவிடும். அதற்குப் பதில் தனியாக விளையாட முடியாத பொருள்களை எடுத்து வையுங்கள்: எதிரெதிரே உட்கார்ந்து உருட்டும் பந்து, நாலு பேர் மூலையைப் பிடித்துப் பந்தைத் துள்ள வைக்கும் போர்வை, இரண்டு பேருக்கு ஒரே பசை பாட்டில்.

மாலையில் வீட்டுக்கு அனுப்பும் குறிப்பு நோட்டில் "இன்று நன்றாக இருந்தான்" என்று எழுதினால் பெற்றோருக்குப் பேச ஒன்றும் கிடைக்காது. யாரோடு, என்ன செய்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். "மணல் மேசையில் இரண்டு பேராக வாளி நிரப்பினார்கள். இவன் 'நிறுத்து' படத்தைத் தொட்டான், நண்பன் நிறுத்தினான். மறுபடி 'இன்னும்' தொட்டான்."