மெருகு போடாத தோடு

பட்டறையில் நான் வாங்கிய முதல் திட்டு ஒரு இடுக்கிக்காக. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் நான்கு பேர் உட்காரும் பட்டறை அது. பற்றவைத்த வெள்ளி நெருப்பில் கறுத்துப்போயிருக்கும். தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் போட்டு எடுத்தால் வெளுத்துவிடும். எடுப்பதற்குச் செம்பு இடுக்கி ஒன்று தொட்டி ஓரத்திலேயே தொங்கும். அன்று அவசரத்தில் கைக்குக் கிடைத்த இரும்பு இடுக்கியை விட்டுத் துழாவினேன். வெள்ளையாக வரவேண்டிய பன்னிரண்டு ஜோடித் தோடும் ரோஜா நிறத்தில் வந்தன. பல நாள் வேலையில் அமிலத்தில் கரைந்து கிடக்கும் செம்பு, இரும்பு உள்ளே போனதும் வெள்ளியின் மேல் வந்து படிந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏங்கண்ணு, செம்புத் தோடு செய்யவா வந்த?" என்றார் அண்ணன். அவருக்கு அப்போதே அறுபது வயது. ஊரே அண்ணன் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு தோட்டையும் திரும்ப நெருப்பில் காட்டி, புது அமிலத்தில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் நான் படித்தது துணி டிசைன். வெள்ளிக்கு வந்தது தற்செயல். அம்மா ஊர் சேலம், விடுமுறைக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் கொலுசு வேலை வீடு வீடாகப் பிரிந்து நடக்கும். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், ஒரு வீட்டில் வளையம் கோப்பார்கள், இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள், மெருகு வேறெங்கோ நடக்கும். ஒரு கொலுசு காலுக்கு வருவதற்கு முன்னால் நாலு தெரு நடந்திருக்கும். எங்கள் பட்டறை மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. உருக்குவதிலிருந்து மெருகு வரை எல்லாம் அங்கேயே. கொலுசில் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைவாக இருந்தாலும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தரையில் உராய்வதைத் தாங்கவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் செய்ததெல்லாம் 925. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. சுத்த வெள்ளியில் தோடு செய்தால் தலையணையில் அழுந்தியே கோணிவிடும்.

அண்ணன் உட்காரும் மூலை பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தார். கஞ்சத்தனம் என்று முதலில் நினைத்தேன். வெள்ளிக் கம்பியை இளக்குவதற்குச் சூடு காட்டும்போது மங்கலான சிவப்பு வந்ததும் நிறுத்தவேண்டும். அந்தச் சிவப்பு, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற அளவுக்குச் சிவந்துவிட்டதென்றால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். செம்பு கலந்தது அதற்கு முன்னாலேயே தளர்ந்துவிடும். பற்றவைக்கிற பொடி உருகுவதற்கும் நகையே உருகுவதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கொஞ்சம்தான். அந்த இடைவெளியில்தான் அவர் நாற்பது வருடமாக உட்கார்ந்திருந்தார்.

நான் முதலில் போட்ட டிசைன் புளிய இலைத் தோடு. இரண்டு கம்பியை முறுக்கித் தட்டிய ஒரு காம்பு, இரண்டு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு இலை. காகிதத்தில் மிக அழகு. அண்ணன் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு எலைக்கும் பத்த வெக்கணும். கடைசி எலைக்கு ஊதறப்போ மொத எலை கழண்டு விழும், தெரியுமா?" என்றார். தெரியாது. காகிதத்தில் நெருப்பு கிடையாதே. முதல் ஆறுக்குச் சீக்கிரம் உருகாத பொடி, அடுத்த ஆறுக்குச் சீக்கிரம் இளகும் பொடி என்று அவர்தான் வழி சொன்னார். ஒரு ஜோடி 9 கிராம் வந்தது. ஒரு காதுக்கு 7 கிராமைத் தாண்டினால் எனக்கே காது வலிக்கும், அதனால் எடையில் பிரச்சினை இல்லை. ஆனால் இலை நுனியெல்லாம் கூர். முதல் கண்காட்சியில் ஒரு அம்மா போட்டுப் பார்த்துத் தலையைத் திருப்பியதும் முந்தானை நூல் ஒன்று இலையோடு வந்துவிட்டது. நல்ல பருத்திப் புடவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தத் தோடு செய்தாலும் கடைசியில் ஒரு பழைய புடவைத் துண்டில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மெருகுக்குத் தருவேன்.

அந்த முதல் கண்காட்சியைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். சென்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு மண்டபம், மூன்று நாள். நகைக்கடை ஜன்னல்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. கறுப்பு வெல்வெட் வாங்கினேன், மஞ்சள் ஒளி விளக்கு நான்கு வாங்கினேன், தட்டுக்கு அடியில் போட ரப்பர் ஷீட் வாங்கி வெட்டினேன். மூன்றுமே தவறு. மஞ்சள் வெளிச்சம் தங்கத்துக்கு நல்லது. வெள்ளி அதில் பழுப்படித்துப் பித்தளைக்குத் தங்கை மாதிரி தெரிந்தது. வெல்வெட்டில் மண்டபத்துத் தூசி பூராவும் ஒட்டியது. ரப்பர்தான் எல்லாவற்றையும்விட மோசம். மூன்றாம் நாள் காலையில் தட்டைத் திறந்தபோது நகைகளின் அடிப்பக்கமெல்லாம் தேன் நிறம், சில இடத்தில் கறுப்பு. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். வெள்ளிக்குக் கந்தகம் ஆகவே ஆகாது. முட்டைக்குழம்பில் வெள்ளிக் கரண்டி கறுக்கிறது பாருங்கள், அதே சமாச்சாரம்.

விடுதி அறைக்கு ஓடினேன். பிளாஸ்டிக் வாளியில் அலுமினியத் தாள், கொதிநீர், சோடா உப்பு. வெள்ளியைத் தாளில் படும்படி போட்டால் கறுப்பு இறங்கிவிடும், அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம் வரும். வந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் பளிச்சென்று ஆனது. அங்கேதான் இரண்டாவது கூத்து. வேலைப்பாட்டின் பள்ளங்கள் எடுப்பாகத் தெரிவதற்காக நாங்களே மருந்து வைத்துக் கறுக்க வைத்த பதினைந்து மோதிரங்களும் அதே வாளியில் இருந்தன. அவையும் வெளுத்துவிட்டன. வேண்டாத கறுப்பு எது, வேண்டிய கறுப்பு எது என்று சோடா உப்புக்கு எப்படித் தெரியும்? கோலம் போட்ட வாசலைக் கழுவிவிட்ட மாதிரி மொட்டையாக இருந்தன அந்த மோதிரங்கள். அவற்றை மேசையில் வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மேசையைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது. இப்போது நான் வைப்பது கடப்பைக்கல் துண்டு, கோரைப்பாய், சாயம் போடாத பருத்தித் துணி. கறுப்புமில்லாமல் வெள்ளையுமில்லாமல் சாம்பல் நிறத்தில்தான் வெள்ளி தன் நிறத்தைக் காட்டும். விளக்கு பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், தலைக்கு மேலிருந்து விழாமல் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும், அப்போதுதான் இலையின் மேடு பள்ளம் தெரியும். கண்ணாடியை மேசையின் நடுவில் வைக்காதீர்கள். ஓரத்தில் வைத்தால் கண்ணாடி பார்ப்பவர் மற்றவர்களை மறைக்கமாட்டார். தட்டில் நாற்பது தோட்டை அடுக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் எடுக்கமாட்டார்கள். ஏழு வைத்தால் ஒன்றையாவது தொடுவார்கள். தொட்டுவிட்டால் பாதி வியாபாரம் ஆனமாதிரி. இடையிடையே சாக்பீஸ் துண்டு போட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கறுப்பதும் தள்ளிப்போகும்.

ஆனால் விலை கேட்கிறவர்களிடம் எந்தத் துணியும் வெளிச்சமும் எடுபடவில்லை. 2023-ல் வெள்ளி கிராம் 80 ரூபாயை ஒட்டி இருந்தது. புளிய இலைத் தோட்டுக்கு 2,400 ரூபாய் சொன்னேன். ஒருவர் போனை எடுத்துத் தட்டினார். "ஒன்பது கிராம், எழுநூத்தி இருபது. மிச்சம் ஆயிரத்து அறுநூத்தி எண்பது எதுக்கும்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செய்கூலி, சேதாரம் என்று ஆரம்பித்தேன். அந்த இரண்டு வார்த்தையும் நம் ஊரில் எத்தனை முறை பொய்யாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பக்கத்து மேசையில் ஜெர்மன் சில்வர் தோடு 350 ரூபாய். அதில் வெள்ளி ஒரு குண்டுமணிகூடக் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரருக்கு வருத்தம், சொல்லாவிட்டால் எனக்கு நஷ்டம்.

அடுத்த கண்காட்சிக்கு ஒரு மரத்தட்டு கொண்டுபோனேன். விற்பனைக்கு அல்ல. உருக்கி ஊற்றிய விரல் நீளக் குச்சி, அதிலிருந்து இழுத்த கம்பி, முறுக்கித் தட்டிய காம்பு, இலை பற்றவைத்து நெருப்பில் கறுத்த தோடு, அமிலத்திலிருந்து எடுத்த தோடு, கடைசியில் மெருகு போட்டது. ஆறு துண்டு, ஒரே தோட்டின் ஆறு பருவம். ஒரு எழுத்துகூட எழுதி வைக்கவில்லை. மேசையிலேயே அதிகக் கூட்டம் அந்தத் தட்டுக்குத்தான். அப்பாக்கள் பிள்ளைகளுக்கு விளக்கினார்கள், பாதி தப்பாக. மிச்சம் எதற்கு என்று அந்த மூன்று நாளில் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், ஐந்தாவது துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அமிலத்திலிருந்து எடுத்த, மெருகு போடாத தோடு.

"இதுக்கு ஜோடி இருக்கா?"

"இது காட்டறதுக்கு வெச்சதுங்கம்மா. முடிச்சது இதோ இருக்கு."

"எனக்கு முடிக்காததுதான் வேணும்."

அந்த நிறத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் பார்த்ததே இல்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, மின்னாத, மாவு பூத்த வெள்ளை. நெருப்பில் மேற்பரப்புச் செம்பு மட்டும் கறுத்து, அமிலம் அதை அரித்துக்கொண்டு போனபின், மேலே ஏறக்குறைய சுத்த வெள்ளியாலான ஒரு மெல்லிய தோல் மிஞ்சும். இரண்டு மூன்று முறை காட்டி எடுத்தால் தோல் இன்னும் வெளுக்கும். அதன்மேல் மெருகு போட்டு அந்தத் தோலைச் சுரண்டி எறிவதுதான் எங்கள் கடைசி வேலை. அந்த அம்மாவிடம் முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

சேலம் வந்து அண்ணனிடம் சொன்னதும் அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அரை வேலைல நிறுத்திட்டுக் காசு வாங்கறதா? மெருகு தெரியாத பயன்னு சொல்லுவாங்க கண்ணு, ஒன்னைய இல்ல, என்னைய." இரண்டு நாள் பேசவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. மெருகுதான் அவர் கையெழுத்து. மூன்றாம் நாள் காலையில் என் பலகைமேல் ஒரு ஜோடி கிடந்தது. இலையெல்லாம் வெள்ளைத் தோல் அப்படியே. ஒவ்வொரு இலையின் ஓரத்தை மட்டும் உருக்குக் கம்பியால் அழுத்தித் தேய்த்து மயிரிழை அகலத்துக்கு மின்ன வைத்திருந்தார். நான் காகிதத்தில் நூறு நாள் உட்கார்ந்தாலும் அந்த ஓரம் எனக்குத் தோன்றியிருக்காது. அவருக்குத் தோன்றியது கோபத்தில். இன்றுவரை நாங்கள் அதிகம் விற்றது அந்தத் தோடுதான். வாங்குகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுவேன். போடப்போட மேடான இடமெல்லாம் தேய்ந்து மின்ன ஆரம்பிக்கும், அது பழுது இல்லை.

பிறகு விலை ஏறியது. 2025 தொடக்கத்தில் கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, அக்டோபரில் சென்னையில் 200-ஐத் தாண்டியது. 9 கிராம் தோட்டில் வெள்ளி மட்டுமே 1,800 ரூபாய். எடையைக் குறைக்கவேண்டும், வேறு வழியில்லை. கம்பியை மெலிதாக்கலாம் என்றேன். "கொறைக்கணும்னா எலையக் கொற. கம்பியக் கொறைக்காத" என்றார். பன்னிரண்டு இலை எட்டானது. இலைகளுக்கு நடுவில் காற்று போகிறது, நவீனமாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இன்னமும் பன்னிரண்டு இலைத் தோடுதான் பிடிக்கும். ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் சென்னைக் கண்காட்சிக்கு அண்ணனும் வந்தார். அவர் செய்தது மேசைமேல் இருப்பதை அவர் பார்த்ததே இல்லை. கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி, நெற்றியில் விபூதி. மண்டபத்து வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். கடப்பைக்கல், பாய், சாக்பீஸ் எதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து ஒரு தோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பொடி வழிந்திருக்கிறதா, அரம் போட்ட கோடு தெரிகிறதா என்று. அதைப் பின்பக்கம் மேலே இருக்கும்படியே பாயில் வைத்தார். அடுத்தது. அதையும் அப்படியே. ஏழு தோட்டையும் கவிழ்த்து வைத்துவிட்டு, "ம், பரவால்ல" என்றார்.

"அண்ணே, வாங்க வர்றவங்க முன்பக்கம் பாக்க வேண்டாமுங்களா?"

"முன்பக்கம் யாரு வேணா செய்வான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐந்தைத் திருப்பி வைத்தேன். இரண்டை அப்படியே விட்டுவிட்டேன்.