வளைந்த பைப்பில் நேரான துளை

கையால் செய்த வளைந்த புகையிலைப் பைப்பில் என்னை அசத்துவது அதன் காற்றுத்துளைதான். வெளியே எத்தனை வளைவு இருந்தாலும் டிரில் பிட் நேராகத்தான் போகும். பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டையில் சாய்வாக இறங்கும் அந்த 4 மி.மீ. துளை, கிண்ணத்தின் அடிமட்டத்தில், நட்டநடுவில் போய்த் திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே திறந்தால் அடிப்புகையிலை சரியாக எரியாமல் ஈரமாகத் தங்கிவிடும்.

எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன வாய்க்குழலை நேராகவே துளைத்து, பிறகு சூடாக்கி வளைப்பார்கள். வளைக்கும்போது துளை நசுங்காமலிருக்க உள்ளே பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனரைச் செருகி வைப்பதுண்டு.

வாங்கும் முன் ஒரு கிளீனரை வாய்நுனியிலிருந்து கிண்ணம்வரை விட்டுப் பாருங்கள். இடையில் முட்டினால் பெரும்பாலும் கோணம் பிசகியிருக்கும். டப்ளினில் சார்லஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற வகைக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அதில் ஈரம் தேங்கவே தனிக்குழி உண்டு.